கொடி தூக்க வேண்டிய ஆண்டு

1965-ஐ ஒட்டிப் பிறந்த நம் எல்லோருக்கும் இடது கையின் மேற்புறத்தில் இரண்டு வட்டத் தழும்புகள் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை. வெயில் காலத்தில் கையில்லாத ரவிக்கை போட்டால் இன்றும் பேரப்பிள்ளைகள் தொட்டுப் பார்த்து அது என்ன என்று கேட்கிறார்கள். எனக்கு அவற்றோடு மூன்றாவதாக ஒன்று உண்டு. வலது புருவத்துக்கு மேலே, மிளகு அளவு. சின்னம்மை முத்தைச் சொறியாதே என்று சொல்லச் சொல்லச் சொறிந்ததால் வந்தது. அது 1974-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஆனி முடிந்து ஆடி பிறக்கிற சமயம். அந்தத் தழும்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தாத்தாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் புதுச்சேரிப் பகுதியில், பாகூருக்குப் பக்கத்தில், ஏரிப் பாசனம் எட்டாத மேட்டுப் பகுதி. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டைச் ‘சொல்தா வூடு’ என்பார்கள். பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து திரும்பியவர்களை அப்படிச் சொல்வது வழக்கம். தாத்தா சைகோனில் படை முகாமின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். திரும்பி வந்த பிறகு, கிணறுகளுக்குக் கரண்டு வந்து ஊரெல்லாம் பம்புசெட்டு போட ஆரம்பித்தபோது, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற தொழிலைத் தொடங்கினார். வோல்டேஜ் குறையும்போதெல்லாம் எங்கள் கொட்டகைக்கு வேலை வரும். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் மோட்டாரைப் படுக்கவைத்துக் கொண்டுவருவார்கள், பிரசவத்துக்கு அழைத்துவருவதுபோல.

கருகிய காயிலைத் தீயில் காட்டி உருவி எடுத்துவிட்டுப் புதுச் செப்புக் கம்பியைச் சுற்றுவார். சுற்று ஒன்று குறைந்தாலும் கூடினாலும் மோட்டார் சூடாகும் என்பதால் எண்ணிக்கொண்டே இருப்பார். எண்ணுவது பிரெஞ்சில். எங், தொ, த்ருவா, காத்ர். வேறு எதற்கும் அவர் அந்த மொழியை வீட்டில் பேசியதில்லை. கட்டி முடித்து வார்னிஷ் ஊற்றி வெயிலில் வைப்பார். அந்த வார்னிஷ் வாசனை எங்கள் வீட்டுச் சோற்றில்கூட இருக்கும். அவர் வெட்டி எறிந்த செப்புத் துண்டுகளில் நான் மோதிரம் செய்து விரலுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்வேன். மாலையில் விரல்கள் பச்சையாக இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாட்காட்டித் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் அன்று யாருடைய மோட்டார் வந்தது, யாருடையது போனது என்று பென்சிலால் எழுதி, ஒரு கம்பியில் குத்திவைப்பார். அவற்றில் பெரும்பகுதி செல்லரித்துவிட்டது. 1974-ஆம் ஆண்டுத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. நாள் தவறாமல் எழுதும் வியாதி எனக்கு அங்கிருந்து தொற்றியதுதான். ஜூலை 7 முதல் 18 வரை உள்ள தாள்களில் எதுவும் எழுதப்படவில்லை.

ஜூலை 14 பிரான்சின் தேசிய தினம் என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை முன்னாள் சிப்பாய்கள் எல்லோரும் மெடல் குத்திக்கொண்டு, புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் அணிவகுப்பார்கள். அவர்களுடைய சங்கத்தின் கொடியை ஒருவர் தூக்கிவருவார். டவுன்காரர்களே அதுவரை தூக்கிவந்தார்கள். எழுபத்து நாலில் முதல் தடவையாகக் கிராமத்துக்காரர் ஒருவருக்கு முறை கொடுப்பது என்று முடிவு செய்து தாத்தாவின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். சங்கத் தலைவர் படையில் ‘அஜுதான்’ என்ற பதவியில் இருந்தவர். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆன பிறகும் அவரை எல்லோரும் அஜுதான் என்றே கூப்பிட்டார்கள். சித்திரை மாதத்தில் அவரே பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு முறை விட்டால் வரிசை சுற்றிவர மூன்று வருடம் ஆகும் என்பதையும் சொன்னார்.

அன்றிலிருந்து தாத்தா கொல்லையில் பயிற்சி எடுக்கத் தொடங்கினார். கொடிக்கம்பின் அடியைச் செருகிக்கொள்ள இடுப்புக்கு முன்னால் தொங்குகிற தோல் பை ஒன்று வேண்டும். சங்கத்தில் இருந்ததை அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய இன்ஜின் பெல்ட்டை ஊறவைத்து, வெட்டி, தானே தைத்தார். கம்புக்குப் பதில் பம்புசெட்டின் இரண்டு அங்குல இரும்புக் குழாய். அதன் தலைப்பில் நனைத்த சாக்கு ஒன்றைக் கட்டிக்கொள்வார். கடற்கரைக் காற்றில் கொடித் துணி பாய்மரம்போல இழுக்கும், அந்த இழுப்புக்குக் கை பழக வேண்டும் என்பார். ஊதுகுழல் ஊதும்போது கொடியை மெதுவாகத் தாழ்த்தி, ஊதி முடித்ததும் அதே வேகத்தில் நிமிர்த்த வேண்டும். துணி தரையில் படக் கூடாது. படுகிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துச் சொல்வது என் வேலை. பட்டால், “பட்டுடுச்சி” என்பேன். அவர் முதலிலிருந்து தொடங்குவார். அறுபது வயதைக் கடந்தவர். முடித்து உட்காரும்போது முழங்கை நரம்பு துடித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் நானும் தூக்கிப் பார்க்கிறேன் என்று அடம்பிடித்தேன். குழாயின் ஒரு முனையைக்கூட முழங்காலுக்கு மேல் கொண்டுவர முடியவில்லை. “பெரிய சொல்தா இவ” என்று அம்மா சிரித்தாள்.

ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் காய்ச்சல். மதியம் வயிற்றில் நாலு முத்து. அம்மா பார்த்த உடனே அடுப்படிக்குப் போய்த் தாளிப்புக் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள்.

அம்மை போட்ட வீட்டின் விதிகள் நம் வயதினருக்குத் தெரியும். இன்றைய பிள்ளைகளுக்காக ஒன்றிரண்டு சொல்கிறேன். எண்ணெய் காயக் கூடாது. புகை, நெடி எதுவும் ஆகாது. வீட்டு ஆண்கள் முகம் மழிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. முத்து வாடியதும் ஒன்று விட்டு ஒரு நாள் மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் வரைக்கும், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

பார்த்துக்கொள்ள உட்கார்ந்தது தாத்தா. ஆயா, அதாவது என் பாட்டி, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்பா டவுனில் மில் வேலை; வர வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அம்மா உட்கார்கிறேன் என்றபோது தாத்தா வேண்டாம் என்றுவிட்டார். நினைவு தெரிந்த நாளிலிருந்து விடியற்காலையில் கண்ணாடி வைத்து முகம் மழித்துக்கொள்ளும் மனிதர், அன்று சவரப் பெட்டியை எடுத்துப் பரணில் வைத்தார். அரிக்கும்போதெல்லாம் வேப்பிலைக் கொழுந்தால் தடவிவிடுவார். தடவும்போது எண்ணுவார், காயில் சுற்றுவதுபோலவே. எங், தொ, த்ருவா. நான் எழுபதுக்குமேல் பிரெஞ்சு எண்கள் கற்றது அந்தப் பாயில்தான்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, மடுகரையிலிருந்து கரும்புக்காரர் ஒருவர் மோட்டாரோடு வந்தார். வேப்பிலையைப் பார்த்துவிட்டு வண்டியைத் தெருவிலேயே நிறுத்தினார்.

“இன்னா சொல்தா, எறக்கி வெச்சிட்டுப் போவட்டுமா?”

“ஆத்தா வந்திருக்கா. காயில் எரிக்க முடியாது. பாகூருக்கு எடுத்துகினு போ.”

“அங்க பத்து நாள் ஆவுன்றான்யா. கரும்பு காயுது.”

“எனக்குக் கொழந்த காயுது” என்றார் தாத்தா. கரும்புக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டார். மறுபடி அவர் எங்கள் கொட்டகைக்கு வரவேயில்லை.

தாத்தா விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைக்குள் முத்து வாடிவிட்டால் முதல் தண்ணீர் செவ்வாய், இரண்டாவது வியாழன், மூன்றாவது சனி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முகம் மழித்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அம்மாவிடம் அதைச் சொல்லியும் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் வேட்டி முனையை ஒதுக்கிக்கொண்டு என் முதுகைத் திருப்பிப் பார்த்தார். புதிதாக ஒரு வரிசை போட்டிருந்தது. என்னைத் திருப்பிப் படுக்கவைத்தார்.

வெள்ளிக்கிழமை அம்மா சொல்லிப் பார்த்தாள். “நீங்க போய்ட்டு வாங்க மாமா. ஒரு வேளதான. நான் பாத்துக்கிறேன். டவுன்ல யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே” என்றார்.

அன்று அஜுதானுக்கு ஒரு கார்டு எழுதித் தபாலில் போடச் சொன்னார். அது டவுனுக்குப் போய்ச் சேர்ந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை மாலை, போக முடியாது என்று தெரிந்தும், மெடல்களைப் புளி போட்டுத் தேய்த்துத் துடைத்தார். பிறகு பிஸ்கட் டின்னில் வைத்து மூடினார்.

இனி சித்தப்பா செய்த காரியம். எங்களோடு அதே வீட்டில் இருந்த அவருக்கு அப்போது இருபத்து நாலு வயது. தாத்தா மெடல் துடைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவர், ஆள் போகாவிட்டாலும் மெடலாவது அணிவகுப்பில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் டின்னைத் திறந்து, மெடல்களை வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். விதிப்படி அவரும் ஒரு வாரமாக முகம் மழிக்கவில்லை, காலில் செருப்பில்லை.

சொல்தாக்களிடம் ஒரு வழக்கம் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. ஒருவர் இறந்துபோனால், அடுத்து வரும் அணிவகுப்பில் அவருடைய மகன் மெடல்களைத் துணியில் வைத்து ஏந்தி வந்து நிற்பான். ஆளில்லாமல் மெடல் மட்டும் வருவது அதற்கு மட்டும்தான்.

தாடியும் வெறுங்காலுமாக, வெள்ளைத் துணியில் மெடலை ஏந்தி வந்து நின்ற பிள்ளையை அஜுதான் பார்த்தார். அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறார். அம்மை வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் கூட்டத்திலிருந்து விரட்டிவிடுவார்கள் என்று பயந்து, சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, “அப்பா வர்ல” என்று மட்டும் சொன்னார். அஜுதான் அதற்குமேல் கேட்கவில்லை. தோளைத் தொட்டு முன்வரிசையில் நிறுத்தினார். எல்லோரும் அந்த மெடல்களுக்கு சல்யூட் அடித்தார்கள். அப்பாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று சித்தப்பாவுக்குக் கண் கலங்கியது. அதையும் அவர்கள் பார்த்தார்கள். விழா முடிந்ததும் அவர் நழுவிப் பகல் காட்சி சினிமாவுக்குப் போய்விட்டார்.

மூன்று மணி இருக்கும். நான் வாசலை ஒட்டிய அறையில் வேப்பிலை பரப்பிய பாயில் படுத்திருந்தேன். தெருவில் வேன் வந்து நிற்கிற சத்தம். பிறகு பூட்ஸ் சத்தம். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கிழவர்கள், கோட்டும் தொப்பியுமாக இரண்டு வரிசை. முன்னால் தாழ்த்திப் பிடித்த கொடி, அதன் தலையில் கறுப்புத் துணி. இருவர் சேர்ந்து தூக்கிய மலர்வளையம். தெரு மொத்தமும் ஓடிவந்து யார் வீட்டில் சாவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது.

அம்மா ஈரக் கையோடு வெளியே போனாள். அஜுதான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்:

“எங்கம்மா கெடத்தியிருக்கு?”

“பாப்பாவயா? உள்ளதான். நீங்க யாரும் வரக் கூடாதுங்களே” என்றாள் அம்மா, ஒன்றும் விளங்காமல்.

தாத்தா என்னைத் தடவிக்கொண்டிருந்த வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். எட்டு நாள் வெள்ளைத் தாடி, மேல் துணியில்லை, வேட்டியெல்லாம் மஞ்சள். வாசற்படிக்கு உள்ளேயே நின்று, குதிகால்களைச் சேர்த்து சல்யூட் அடித்தார். எதிரில் ஒருவரும் அசையவில்லை. கொடி பிடித்திருந்தவர் தாழ்த்தியது தாழ்த்தியபடியே நின்றார்.

“கொடிய மொதல்ல ஏத்துப்பா” என்றார் தாத்தா. “நான் இன்னும் சாவல.”

பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள், யாரோ அழுதார்கள். அஜுதான் சித்தப்பாவைத் திட்டிய திட்டில் பாதி பிரெஞ்சு. தாத்தா மலர்வளையத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கெழக்குத் தெரு காப்ரால் செத்தப்போ இதவிடப் பெருசா வெச்சோமே” என்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு அஜுதான் கொடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு படியருகே வந்தார்.

“வந்தது வந்துட்டோம். இந்தா, புடி. தெருக்கோடி வரிக்கும் ஒரு நட நடந்துட்டு வா. நாங்க பின்னால வர்றோம். உன் மொற முடிஞ்சிதா இருக்கட்டும்.”

தாத்தா உள்பக்கம் திரும்பி, சுவரில் ஆணியில் தொங்கிய தோல் பையைப் பார்த்தார். கை ஒரு தடவை அந்தப் பக்கம் போனது. பிறகு அதே கையால் தாடையைத் தடவிக்கொண்டார்.

“இந்த மூஞ்ச வெச்சிகினா கொடி புடிக்கச் சொல்ற?”

“செரச்சிகினு வாய்யா. நிக்கிறோம்.”

“இன்னும் ரெண்டு தண்ணி இருக்கு” என்றார் தாத்தா.

மழிக்காத முகத்தோடும் வெறுங்காலோடும் கொடியைத் தொடுவது படை விதிக்கு ஆகாது. மழித்துக்கொள்வது இந்த வீட்டு விதிக்கு ஆகாது. அஜுதான் இரண்டும் தெரிந்தவர். மேலும் வற்புறுத்தாமல் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். மலர்வளையத்தைத் திருப்பி எடுத்துப் போகவும் முடியாது, வீட்டுக்குள் வைக்கவும் முடியாது என்று அம்மா தவித்ததால் அதை ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

வேன் போன பிறகு தாத்தா பாயில் வந்து உட்கார்ந்தார். வேப்பிலையை எடுத்தார்.

“எதுல உட்டேன் பாப்பா?”

“முப்பத்தொண்ணு.”

முப்பத்திரண்டிலிருந்து தொடங்கினார்.

ஊரில் அவரைப் பெரிய பக்திமான் என்றார்கள். அப்பா, படித்தும் பயன் இல்லாத பயம் என்றார். அஜுதானுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. நானும் பல வருடம் அவர் ஆத்தாளுக்குப் பயந்துதான் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தேன். சித்தப்பா வீடு மாறியபோது பழைய பிரெஞ்சுக் குடும்பப் பதிவேடு ஒன்று என் கைக்கு வந்தது. அதில் பிள்ளைகள் பக்கத்தில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் ஒரு பெண் பெயர் இருந்தது. பிறந்தது 1944. இறந்தது 1947 மே. தாத்தாவின் படைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1946 தொடக்கத்திலிருந்து 48 கடைசி வரை அவர் சைகோனில் இருந்திருக்கிறார். சித்தப்பாவிடம் கேட்டேன். “அம்மைன்னு சொல்லுவாங்க. அப்பா அதப் பத்திப் பேசுனதே இல்ல” என்றார். என்னிடம் இருப்பவை இந்தத் தேதிகள் மட்டும்தான்.

மூன்றாம் தண்ணீர் ஜூலை 18, வியாழக்கிழமை ஊற்றினார்கள். 19-ஆம் தேதித் தாளில் ஒரு மோட்டார் வந்ததாக எழுதியிருக்கிறது. தோல் பை ஆணியிலேயே தொங்கியது. இரும்புக் குழாய் யாருடைய கிணற்றுக்கோ போயிற்று. அடுத்த முறை எழுபத்து ஏழில் என்று அஜுதான் சொல்லியனுப்பியிருந்தார்.

1976 நவம்பர் மழையில் தாத்தா இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் மூன்றாம் நாள் எழவில்லை. எனக்குப் பதினொரு வயது. சித்தப்பா மெடல்களை வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டு, அதே மழிக்காத முகத்தோடு, நனைந்தபடி அஜுதான் வீட்டு வாசலில் போய் நின்றார். அஜுதான் கதவைத் திறந்து அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

“வூட்ல யாருக்கு அம்மை?”

“இல்ல ஐயா. இந்த வாட்டி அப்பாதான்.”

மதியம் அவர்கள் வந்தார்கள். போன தடவையைவிட ஆள் குறைவு. மலர்வளையம் வேனுக்குள்ளேயே இருந்தது. அஜுதான் மட்டும் முதலில் இறங்கி உள்ளே வந்து, தாத்தாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். யாரோ தாத்தாவுக்கு நன்றாக முகம் மழித்துவிட்டிருந்தார்கள். பிறகுதான் வெளியே கையைக் காட்டினார்.

பாடையைத் தூக்குவதற்கு முன் அஜுதானின் கண் ஆணியில் தொங்கிய தோல் பைமேல் விழுந்தது. இது ஏது என்று கேட்டார். அம்மா சொன்னாள். அதை எடுத்துத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். சுற்றிலும் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

“உனக்குத்தான அன்னிக்கு அம்மை போட்டுது?”

திட்டப்போகிறார் என்று நினைத்து அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன்.

“இங்க வா. பொம்பளைங்க தெருக்கோடி வரிக்கும் வருவாங்க இல்ல? அது வரிக்கும் கொடிய நீ தூக்கு. அதுக்கப்புறம் நான் வாங்கிக்கிறேன்.”

வாரை இரண்டு முடிச்சுப் போட்டுக் குறுக்கி என் தோளில் மாட்டினார். யாரோ பொட்டப் பிள்ளையா என்றார்கள். அப்பா, இருக்கட்டும் என்றார். மழை நின்றிருந்தது. பைக்குள் கம்பை இறக்கி, என் இரண்டு கைகளையும் எடுத்து அதன்மேல் வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, கொல்லையில் பார்த்திருந்ததுபோலவே கால்களை அகட்டி நின்றேன். அந்த எடைக்குத் தயாராக.

கொடி லேசாக இருந்தது. அந்தக் குழாயில் பாதி கனம்கூட இல்லை. கம்பு வெறும் மரம், துணி பட்டு. தெருக்கோடி வரை அது ஒருமுறையும் தரையில் படவில்லை. குனிந்து பார்த்துச் சொல்ல ஆளில்லாததால் நானே பார்த்துக்கொண்டேன். அஜுதான் கொடியை வாங்கிக்கொண்டு ஆண்களோடு நடந்தார். நான் பெண்களோடு நின்றேன், காலியான பை இடுப்பில் தொங்க. கொடி அவ்வளவு கனமில்லை என்பதைத் தாத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.